ஹம்பேர்க்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலை முடிந்து வெளியே வரும்போதே நல்ல இருட்டு. அம்மா, வேளைக்குச் சாப்பிடுகிறேன், யோசிக்க வேண்டாம்.

அப்பா, போன ஞாயிறு பாம்பெக் என்ற பகுதியில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அரசர் சிலையோ வாளோ அங்கே பெரிதில்லை. வேலை செய்த சனங்களுக்காகவே வைத்திருக்கிறார்கள். கட்டடமும் பழைய இறப்பர்த் தொழிற்சாலைதான், 1871 இல் தொடங்கிய கம்பனி. இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் கொம்பு மாதிரி இறுகுமாம். அதில் சீப்புச் செய்தார்கள். 1954 இல் கம்பனி வேறு இடத்துக்குப் போனது. செங்கல் சுவர்களை இடிக்காமல் 1997 இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். முற்றத்தில், எல்ப் ஆற்றுக்கு அடியால் சுரங்கப்பாதை குடைந்த சக்கரம் நிற்கிறது. குறுக்களவு 14 மீற்றருக்கு மேல்!

அச்சுக்கூடப் பகுதியில்தான் கனநேரம் நின்றேன். ஓய்வுபெற்ற ஒரு ஐயா ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, மை தடவி என் பெயரை அச்சடித்துத் தந்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. பிள்ளைகள் சுற்றி நின்று கேள்வி மேல் கேள்வி கேட்க, ஆறுதலாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது, நாட்டிலேயே முதலாவது. 1990 இல் சண்டையால் நின்றுபோனது. எங்கள் மண்ணின் சுண்ணக்கல்லும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் சூளைக்குள் வெந்து சீமெந்தாக வந்ததை அங்கே நின்று பார்த்தவர் நீங்கள். இவ்வளவு பெரிய ஆலையில் உழைத்த சனத்தின் கதையைப் பேரப்பிள்ளைகள் எங்கே போய்க் கேட்பார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். பின்னேரத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு இருக்கும் நேரம் தம்பியோடு கதையுங்கோ. அவன் போனில் பதியட்டும். சூளைப் பக்கம் வெக்கை எப்படி, இரவு வேலைக்கு எப்படிப் போனீர்கள், சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போனீர்கள், எல்லாம் சொல்லுங்கோ. சின்ன விசயம் என்று விடவேண்டாம். உங்களோடு வேலை செய்தவர்கள் மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கம் இருந்தால் அவர்களிடமும் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

அம்மா, இடம்பெயர்ந்தபோது நீங்கள் கொண்டுவந்த தகரப்பெட்டியில் அப்பாவின் வேலை அட்டையும் சம்பளத் துண்டுகளும் கிடக்கும். கறையான் அரிக்க முன் எடுத்து, தம்பியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கோ. மருந்துச் செலவுக்குக் காசு போட்டிருக்கிறேன். கிடைத்ததும் அறிவியுங்கோ.

இப்படிக்கு,
அன்பு மகள்