சிடி19 பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி வந்த கட்டுரையில், 'ஒளிரும் சாயம் புற்றுநோய்ச் செல்லைக் காட்டிக்கொடுத்துவிடும்' என்றிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதற்கு ஒரு திருத்தம் எழுதுகிறேன்.

கண்ணாடித் தகட்டில் பரப்பி லீஷ்மன் சாயமிட்ட ரத்தப் பூச்சில் நியூட்ரோபில், இயோசினோபில் என்ற வெள்ளணு வகைகளை உட்கருவின் வடிவத்தையும் துகள்களின் நிறத்தையும் வைத்தே பிரித்துவிடலாம். 1879-இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் காட்டிய வழி அது. ஆனால், லிம்போசைட் என்ற வெள்ளணுவின் இரு வகைகளான டி லிம்போசைட்டையும் (டி செல்) பி லிம்போசைட்டையும் (பி செல்) எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. இரண்டுமே மெல்லிய நீல விளிம்பு கொண்ட கருநீல உருண்டைகள்தாம். ஒளிரும் சாயத்தின் உதவி இங்குதான் தேவைப்படுகிறது. டி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி3 புரதத்தையும் பி செல்லின் சிடி19 புரதத்தையும் தேடிப் பற்றுவது, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி. சாயம் அதன் கையில் கொடுத்தனுப்பிய விளக்கு மட்டுமே. அந்த விளக்கும் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால், சாயம் சேர்த்த குழாய்களைக் கால் மணி நேரம் இருட்டில் வைப்போம். ஒருமுறை பயிற்சிக்கு வந்தவர் அவற்றை ஜன்னலோரம் வைத்துவிட, செல்களின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியின் திரையில் மேலே நிற்க வேண்டிய புள்ளிக்கூட்டம் கீழே சரிந்து கிடந்தது.

தென்கொரியாவின் போஸ்டெக் பல்கலைக்கழகத்தில் யங்-டே சாங் குழுவினர், ஆன்டிபாடி இல்லாமலேயே, செல்சவ்வின் கொழுப்பு அமைப்பிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு உயிருள்ள பி செல்லை மட்டும் ஒளிரச்செய்யும் சிறுமூலக்கூறு ஒன்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். கட்டுரையாளர் இத்தகைய சாயத்தைக் கருதியிருந்தாலும், அது சொல்வது செல்லின் வகையைத்தான், நோயை அல்ல.

நலமாக உள்ளவரின் பி செல்லும் சிடி19-க்கு ஒளிரத்தான் செய்யும். முதிராத செல்லில் காணப்படும் சிடி34, டிடிடி போன்ற புரதங்கள் அதனுடன் சேர்ந்து ஒளிர்கின்றனவா, அத்தகைய செல்கள் எவ்வளவு பெருகியுள்ளன என்பதையெல்லாம் பூச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தே நோய்க்குறியியல் மருத்துவர் முடிவு சொல்கிறார். பரிசோதனை அறிக்கை நோயாளியின் கைப்பேசிக்கே நேராக வந்துவிடும் இந்நாளில், 'சிடி19 பாசிட்டிவ்' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுக் குடும்பமே கலங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, இத்திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மதுரை.