சூரியனின் சுழற்சியை மாணவர்களே அளக்கட்டும்

மதிப்பிற்குரிய இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். டாப்ளர் விளைவு (நெருங்கி வரும் அல்லது விலகிப் போகும் பொருளின் ஒலியும் ஒளியும் அலைநீளம் மாறித் தெரிவது) என்றதும் பாடநூல்கள் ரயிலின் ஊதலைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு சூத்திரம், இரண்டு கணக்கு, அத்தோடு சரி. நிறமாலையைக் கொண்டு சூரியனின் சுழற்சியை அளக்கும் செய்முறையை இளநிலை ஆய்வகத்தில் சேர்க்கும்படி கேட்கவே இம்மடல்.

சூரியனின் கிழக்கு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது. மேற்கு விளிம்பு விலகிப் போகிறது. சூரியனின் நடுக்கோட்டில் (பூமியின் நிலநடுக்கோடு போன்றது) வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. இதனால் நிறமாலையில் 6302 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தின் அலகு) அருகே உள்ள ஒரு கரும் வரி, விளிம்புக்கு விளிம்பு நகர்வது வெறும் 0.08 ஆங்ஸ்ட்ராம். கருவியின் தள்ளாட்டத்திலேயே இது காணாமல் போய்விடாதா? போகாது. அங்கே சூரியனின் இரும்பு வரிகள் இரண்டு இருக்கின்றன. அவற்றை ஒட்டியே நமது வளிமண்டல ஆக்சிஜன் பதிக்கும் மெல்லிய வரிகளும் இருக்கின்றன. நிறமாலைமானிக்குள் ஒளியை விடும் குறுகிய பிளவைச் சூரிய பிம்பத்தின் கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்புக்கு மாற்றினால் இரும்பு வரிகள் சிவப்புப் பக்கம் சாயும். ஆக்சிஜன் வரிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அளவுகோல் படத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

ஸ்வீடன் வானியலாளர் டூனர் 1880களின் இறுதியில் இதே வரிகளை வைத்து, கண்ணால் பார்த்தே, 75 பாகை அகலாங்கு வரை அளந்தார். அவருக்கு முன் சூரியப் புள்ளிகளைப் பின்தொடர்ந்து சுழற்சியை அளந்த ஆங்கிலேய வானியலாளர் காரிங்டனுக்கு அந்த வசதி இல்லை. 40 பாகைக்கு அப்பால் புள்ளிகள் அரிது. நடுக்கோடு சுமார் 25 நாளில் சுற்ற, துருவப் பக்கம் 30 நாளுக்கு மேல் ஆகிறது என்பதை மாணவர் தம் அளவீட்டிலேயே காணலாம்.

கருவிக்குச் செலவாகும் என்பீர்கள். பிரான்சின் கிறிஸ்தியான் புயில் வடிவமைத்த சால்எக்ஸ் நிறமாலைமானியின் உடற்பகுதிகளை 3டி அச்சில் எடுத்துக்கொள்ளலாம். ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். வெயிலை நேராகப் பார்க்கும் வேலை இது என்பதால் வடிகட்டியும் ஆசிரியர் மேற்பார்வையும் கட்டாயம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். விடை 25 நாள் என்று வராதவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். நன்றாக அளந்தவருக்கும் முதலில் 27 நாளை ஒட்டித்தான் வரும். பூமியும் அதே திசையில் சூரியனைச் சுற்றி வருவதை அப்போதுதான் அவர் கணக்கில் சேர்ப்பார். பிளவைச் சரியாக விளிம்பில் வைக்கவும் முடியாது. சற்று உள்ளே வைத்துத் திருத்தம் செய்ய வேண்டும். சிதறிய ஒளி வேகத்தை இன்னும் குறைத்துக் காட்டும். இந்தப் பிழைகளை எழுதி வாதிடும் பக்கத்துக்கே பாதி மதிப்பெண்ணை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்