இந்தியா கேட்டும் உங்கள் பஸ்ரா தாத்தாவும்

தஞ்சாவூர்,
ஐப்பசி மாதம்.

அன்பு நண்பா,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சம்பா நடவு முடிந்தது. நம் கணக்கு வாத்தியார் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் செய்தித்தாளைத் தெருவுக்கே கேட்கும்படி படிக்கத் தொடங்கிவிட்டார். தொலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே நெல் விலைக்குத் தாவிவிடுவாய் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செய்தி உன் குடும்பத்தைப் பற்றியது. ஆகவே பொறுமையாகப் படி.

மகளைப் பார்க்க டில்லிக்குச் சென்றிருந்தபோது இந்தியா கேட்டைப் பார்த்தேன். குடியரசு தின ஒளிபரப்பில் ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய வளைவுதான் என்றாலும், நேரில் நின்றபோது அதன் அடக்கம் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. பரத்பூர்ச் சிவப்புக் கல்லில் தாழ்வான அடித்தளம், அதன்மேல் வெளிறிய மணற்கல் என்று 42 மீட்டர் எழுந்து நிற்கும் அந்த வாயிலில் எந்த மதத்தின் சின்னமும் கிடையாது. அலங்காரமும் மிகக் குறைவு. நெற்றியில் நாட்டின் பெயரும், இருபுறமும் ரோமன் எண்களில் 1914, 1919 என்ற ஆண்டுகளும் மட்டுமே. உச்சியில் ஆழமில்லாத ஒரு பெரிய கிண்ணம் உண்டு. நினைவு நாட்களில் எண்ணெய் விட்டுச் சுடரேற்றுவதற்காகக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் அதை அமைத்தாராம். 1921 பிப்ரவரி 10 அன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டி, பத்து ஆண்டுகள் கழித்து 1931 பிப்ரவரி 12 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்துவைத்த கட்டடம் அது.

அங்கே நின்றபோது நம் பெரிய கோயிலின் கேரளாந்தகன் திருவாயில்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் போரின் நினைவைச் சுமக்கும் வாயில்தான். சேரரை வென்ற இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கி, ஐந்து நிலைகளோடு, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அரசனின் வெற்றிக்குக் கீழே நடக்க வைக்கிறது. காந்தளூர்ச் சாலைப் போரில் விழுந்த சோழ வீரன் எந்த ஊர்க்காரன் என்று அது சொல்வதில்லை. டில்லி வாயிலோ மாண்டவர்களுக்காகவே எழுப்பப்பட்டது. அதன் சுவர்களில் ஏறக்குறைய 13,300 பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.

பெயர்கள் என்றதும், முதல் உலகப் போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், மடிந்த உங்கள் பஸ்ரா தாத்தாவைத் தேடாமல் இருக்க முடியுமா? சங்கிலிக்கு அப்பால் நிறுத்திவிட்டதால், மகளின் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் வளைவின் மேலே உள்ள வாசகத்தை முழுமையாகப் படித்தேன். பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கலிப்பொலி முதலிய இடங்களில் இறந்தவர்களுக்குப் பொதுவாக அஞ்சலி செலுத்தும் அந்த வாசகம், இங்கே பெயர் பொறிக்கப்பட்டவர்கள் இந்தியாவிலும் வடமேற்கு எல்லையிலும் மூன்றாம் ஆப்கானியப் போரிலும் விழுந்தவர்கள் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. முதல் உலகப் போரில் உயிர்விட்ட இந்திய வீரர்கள் 74,000-க்கும் மேல். உங்கள் தாத்தாவைப் போல மெசபடோமியாவில் மடிந்தவருக்கு அந்த வாயிலில் இறந்த நாட்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

அப்படியானால் அவர் பெயர் பஸ்ராவில் இருக்க வேண்டும் என்று ஊருக்குத் திரும்பியதும் படிக்கத் தொடங்கினேன். படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. புதைத்த இடம் தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-இல் அங்கே ஒரு நினைவகம் திறந்தார்கள். 1997-இல் சதாம் உசேன் ஆணைப்படி அதை 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்துக்கு மாற்றினார்கள். அது போகட்டும். அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்ற எண்ணிக்கையாகவே நின்றார்கள். பிரான்சில் நவ் ஷப்பலில், 1927-இல் ஹெர்பர்ட் பேக்கர் கட்டிய நினைவகத்தில், 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களைச் சிப்பாய் வரை பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். ஒரே படை, ஒரே போர். ஐரோப்பியர் வந்து பார்க்கும் இடத்தில் பெயர், பார்க்க ஆளில்லாத இடத்தில் எண். இந்த நினைவகங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

பெயர்கள் மிகுதி, கல்லில் இடமில்லை என்று யாராவது சொன்னால் அவரைப் பெரிய கோயிலுக்கு அழைத்துவர வேண்டும். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு என்பதோடு இராசராசன் கல்லில் எழுதிவைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைச் சிற்றுளிக்கு முடிந்தது, இருபதாம் நூற்றாண்டுப் பேரரசுக்கு முடியவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான். டில்லியிலேயே, இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் விடுதலைக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஒரு தாய் கை நீட்டித் தன் மகன் பெயரைத் தொட முடிகிறது. நினைவகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி உன் வேலை. பஸ்ரா தாத்தாவின் பதக்கம், நாம் மூவரும் திண்ணையில் சுண்டி விளையாடி, நெட்டையன் கிணற்றில் போடப் பார்த்தானே, அது இன்னும் உங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கும். அதன் முகத்தில் உள்ள அரசர் தலையை விட்டுவிடு, விளிம்பைப் பார். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் பதித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதே, எழுத்து அழிந்துவிடும். வெள்ளியா வெண்கலமா என்றும் பார். சிப்பாய்களுக்கு வெள்ளியும், சுமை தூக்கிகள் போன்ற உழைப்புப் பிரிவினருக்கு வெண்கலமும் கொடுத்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மெசபடோமியாவில் இருந்தது. உங்கள் தாத்தா அதில் இருந்தாரா என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

ஆணையத்தின் இணையப் பட்டியலில் இப்போது சிப்பாய்களின் பெயர்களும் இருக்கின்றன. பலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் சேர்ந்தே இருக்கின்றன. எண் கிடைத்தால் தேடுவது எளிது. பெயர் அங்கே இல்லாவிட்டால், சேர்க்கச் சொல்லி ஆணையத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். குடும்பத்தார் என்ற முறையில் நீ கையெழுத்துப் போட வேண்டும். பெட்டிச் சாவி அத்தையிடம் இருக்கும். அவர்கள் கோபித்துக்கொண்டால் நான் கேட்டதாகச் சொல். விளிம்பை நல்ல வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, தீபாவளிக்கு முன் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் மேலவீதி நண்பன்