கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னு என்னை ஓசூருக்கு அலைய விட்டதுக்கு பதில் வேணும்

வணக்கம் சார் / மேடம்,

இது உங்களுக்கு நான் போடற ஆறாவது மெயில். முன்னாடி போட்ட அஞ்சும் எந்த கிணத்துல விழுந்துச்சோ தெரியல, ஒவ்வொண்ணுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரே பதில்தான் வருது. நான் கருத்து சொல்லல சார், இன்டர்நெட் பார்க்கறதுக்கு நீங்க குடுத்த பிரவுசரப் பத்தி புகார் சொல்றேன். இந்த தடவையாவது யாராவது மனுஷங்க படிங்க.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சின்னதா ஆன்லைன் சென்டர் வெச்சிருக்கேன். மூணு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷின், ஆதாருக்கு ஒரு கைரேகை மிஷின், அவ்ளோதான் கடை. பட்டா சிட்டா எடுக்கறது, வேலைக்கு அப்ளிகேஷன் போடறது, டிக்கெட் புக் பண்றது, தக்காளி மார்க்கெட்டுக்கு வர்றவங்க பணம் ஏறிடுச்சான்னு பார்க்கறது, எல்லாம் இங்கதான். ஒருத்தர் லாகின் பண்ணிட்டு அப்படியே எழுந்து போயிடுவாரு, அடுத்த ஆள் உட்கார்ந்தா முந்தின ஆளோட மெயில் திறந்து கிடக்கும். அந்த பயத்துலதான் உங்க பிரவுசர போட்டேன். மூடுனா எல்லாம் அழிஞ்சிடும்னு சொன்னீங்க, அழியுது, அதுல பொய் சொல்ல மாட்டேன். ஃப்ரீயா கிடைக்கறதையே வெச்சிருக்கலாம், உதவிக்கு ஆள் இருக்கணும்னு மூணு சிஸ்டத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 2,400 ரூபா கட்டுனேன். அந்த உதவி எப்படி இருந்துச்சுன்னு கீழ படிங்க.

செட்டிங்ல "கைரேகைப் பாதுகாப்பு"ன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்க. சாதாரணம், கடுமைன்னு ரெண்டு. கடையில ஆதாருக்கு கைரேகை மிஷின் வெச்சிருக்கறவன் என்ன நினைப்பான்? ஜனங்களோட ரேகைய எவனும் திருடாம பார்த்துக்குறீங்கன்னு நினைச்சு சந்தோஷமா "கடுமை"ய அமுக்கிட்டேன். அதுக்கு கீழ ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதி இருந்தா இந்த லெட்டரே கிடையாது.

அன்னிக்கு ஆரம்பிச்சது. எந்த பக்கத்த திறந்தாலும் சுத்தி சாம்பல் கலர்ல பட்டை, மானிட்டர் பெருசா இருந்தும் பக்கம் நடுவுல குறுகி நிக்குது. சரி போகட்டும்னு விட்டேன். அடுத்து ஒரு பொண்ணு வேலைக்கு அப்ளிகேஷன் போட வந்துச்சு, போட்டோ ஸ்கேன் பண்ணி ஏத்துறேன், ஸ்கேன்ல நல்லா இருக்கு, சைட்ல ஏறுனதும் மூஞ்சி இல்ல, கலர் கலரா கோடு கோடா வருது. "என்னண்ணா என் மூஞ்சி சேலை பார்டர் மாதிரி இருக்குது"ன்னு அது சிரிக்குது, எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா அதுக்கு முன்னாடி ரெண்டு நாள்ல எத்தனை பேருக்கு பார்க்காம சப்மிட் குடுத்தேனோ. தேடிப் பார்த்தா பதினோரு பேரு. அதுல நாலு பேருக்கு கடைசி தேதியே முடிஞ்சு போச்சு.

இப்ப உங்க ஆளு விஷயத்துக்கு வர்றேன். சாட்ல கேட்டா போன் பண்ண சொன்னாங்க, போன்ல நாப்பது நிமிஷம் பாட்டு கேட்ட பிறகு ஒருத்தர் எடுத்தாரு. பட்டை, கோடு ரெண்டும் சொன்னேன். சொல்லி முடிக்கல, "உங்க கிராபிக்ஸ் கார்டு போச்சு, சர்வீஸ் சென்டர் போங்க"ன்னுட்டாரு. திரையில படம் காட்டுற அந்த பாகம் மூணு சிஸ்டத்துலயும் ஒரே நாள்ல எப்படி சார் போகும்னு கேட்டேன். அதுக்கு அவரு சொன்னது, "உங்களுக்கு கம்ப்யூட்டர் பத்தி தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சா ஏன் எனக்கு போன் பண்றீங்க?" பதினாலு வருஷமா இந்த தொழில்ல இருக்கேன். கடையில நாலு பேரு உட்கார்ந்திருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், எல்லாருக்கும் கேட்டுச்சு. அந்த ஆளு பேர் கேட்டேன், கட் பண்ணிட்டாரு.

நம்பிப் போனேன் பாருங்க, அது என் தப்பு. சிபியுவ அரிசிப் பையில சுத்தி, ராயக்கோட்டை வழியா ஓசூர் பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு போனேன். கண்டக்டர் லக்கேஜுக்கு தனியா டிக்கெட் போட்டாரு. கடைய மூடிட்டு போன நாள் அது, சந்தை நாள் வேற. ஓசூர்ல அந்த சர்வீஸ் தம்பி சிபியுவ திறக்கவே இல்ல. வேற ஒரு பிரவுசர்ல அதே சைட்ட திறந்து அதே போட்டோவ போட்டான், பளிச்சுன்னு மூஞ்சி வந்துச்சு. அஞ்சு நிமிஷம். 300 ரூபா.

அந்த தம்பிதான் எனக்கு விளக்குனான், உங்க கம்பெனில ஒருத்தரும் சொல்லாதத. கைரேகைன்னா விரல் ரேகை இல்லையாம், கம்ப்யூட்டரோட அடையாளமாம். சைட்காரன் நமக்கு தெரியாம பிரவுசர்கிட்ட ஒரு படம் வரைய சொல்லுவானாம், ஒவ்வொரு மிஷினும் அதோட கிராபிக்ஸ் கார்டு, அதுல இருக்கற எழுத்து வகை இதுக்கு தகுந்த மாதிரி துளி வித்தியாசமா வரையுமாம், அத வெச்சு குக்கி (சைட்காரன் நம்ம சிஸ்டத்துல விட்டு வைக்கற அடையாளக் குறிப்பு) இல்லாமலே இது இன்னார் சிஸ்டம்னு கண்டுபிடிச்சிடுவானாம். அத தடுக்கத்தான் நீங்க படத்த கலைச்சு விடறீங்க. ஆனா போட்டோவ சின்னதாக்கி ஏத்துற சைட்டும் அதே வழியிலதான் படத்த எடுக்குது, அதனால எங்க ஜனங்க மூஞ்சியும் சேர்ந்து கலைஞ்சு போகுது. சாம்பல் பட்டை எதுக்குன்னா, என் மானிட்டர் சரியா என்ன சைஸ்னு சைட்டுக்கு தெரியக் கூடாதுன்னு. அட்ரஸ் பார்ல சின்னதா ஒரு படம் ஐகான் வருது, அத அமுக்கி அனுமதி குடுத்தா அந்த சைட்டுக்கு மட்டும் போட்டோ சரியா போகுதுன்னும் காட்டுனான். சத்தியமா நல்ல வேலைதான் செஞ்சிருக்கீங்க, நான் மறுக்கல. செஞ்சத ஏன் சார் எங்கயும் எழுதி வெக்கல? உங்க போன்காரருக்கே உங்க பிரவுசர் என்ன பண்ணுதுன்னு தெரியலன்னா நான் யார்கிட்ட போய் கேட்கறது?

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இது ஓசூருக்கு முன்னாடி நடந்தது. எங்கம்மாவுக்கு கண்ணுல புரை, தருமபுரியில ஒரு ஆஸ்பத்திரில ஆன்லைன்ல டைம் எடுத்தேன், உங்க பிரவுசர்லதான். காலைல 11 மணின்னு காட்டுச்சு. வெறும் வயித்தோட கூட்டிட்டு போய் உட்கார்ந்தா, அவங்க லிஸ்ட்ல சாயங்காலம் 4.30. அந்த ரிசப்ஷன் பொண்ணுகிட்ட நான் சண்டை போட்டேன், பாவம், அது மேல ஒரு தப்பும் இல்ல. நான் எந்த நாட்டுல இருக்கேன்னு தெரியக் கூடாதுன்னு கடிகாரத்தயும் மாத்தி சொல்றீங்களாமே, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. பாலக்கோட்டுல உட்கார்ந்துக்கிட்டு பாலக்கோட்டு டைம் தெரியலன்னா அது என்ன பாதுகாப்பு? அம்மா இன்னும் "உன் கம்ப்யூட்டர நம்பாத"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க.

நஷ்டம் எவ்ளோன்னு கேட்பீங்க. பஸ், லக்கேஜ், சர்வீஸ், கடை மூடுன நாள், பதினோரு பேருக்கு திருப்பிக் குடுத்த காசு, அதுக்கு மேல கடைக்கு கெட்டுப் போன நல்ல பேரு. கடைசி தேதி முடிஞ்சு போன அந்த நாலு பேருல ஒருத்தனோட அப்பா கடைக்கே வந்து கத்திட்டு போனாரு, இப்ப எதிர்ல இருக்கற சென்டர்லதான் கூட்டம். கூட்டிப் பார்த்தா ஒரு லட்சத்துக்கு குறையாது, மரியாதைக்கு விலை போட்டா இன்னும் மேல போகும்.

தயவு செஞ்சு கேட்கறேன், கோவத்துல ரெண்டு வார்த்தை கூட வந்திருந்தா பொறுத்துக்கோங்க. என் 2,400 ரூபாவும் ஓசூர் செலவும் திருப்பி வேணும். "கடுமை"ய அமுக்கறப்பவே போட்டோ கலையும், டைம் மாறும், பக்கம் குறுகும்னு தமிழ்ல எழுதி காட்டணும். அந்த போன் ஆளு என்கிட்ட மன்னிப்பு கேட்கணும், இத நான் விடறதா இல்ல.

15 நாள் பார்ப்பேன். அப்பவும் "கருத்துக்கு நன்றி"தான் வந்துச்சுன்னா நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் போடுவேன், அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடைக்கு வாங்குனது, வியாபாரம், செல்லாதுன்னு உங்க வக்கீல் சொல்லுவாரு. எங்க கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வர்ற வக்கீல்கிட்ட கேட்டுட்டேன், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல சுயதொழில் பண்ணி பிழைக்க வாங்குனவனும் நுகர்வோர்தான். அஞ்சு மெயில், சாட் ஸ்கிரீன்ஷாட், சர்வீஸ் பில், கண்டக்டர் போட்ட லக்கேஜ் டிக்கெட் எல்லாம் பத்திரமா இருக்கு.

போன் பண்றதா இருந்தா மதியம் ரெண்டு மணிக்கு மேல பண்ணுங்க, காலைல கூட்டம் இருக்கும். ரெண்டு மணின்னா எங்க ஊரு ரெண்டு மணி, உங்க பிரவுசர பார்த்துட்டு ராத்திரி ஏழரைக்கு பண்ணாதீங்க.

இப்படிக்கு,
பாலக்கோட்டுல ஆன்லைன் சென்டர் வெச்சிருக்கற உங்க கஸ்டமர்