மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

காரைக்குடி ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு, கண்டனூரிலிருந்து வணக்கம்.

நான் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடுகிறவள். நாள் முழுக்க அடுப்பு முன்னால் இருந்தாலும், எண்ணெய் காய்கிற நேரத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஏன் உட்கார்ந்தாய் என்று இதுவரை எந்த வீட்டிலும் கேட்டதில்லை. என் இளைய மகளுக்கு இருபத்தொரு வயது. உங்களில் ஒருவர் கடையில் சேலை செக்‌ஷனில் இருக்கிறாள்.

ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று அந்த முதலாளிக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஒரு குடும்பத்துக்குச் சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே மேசைக்குப் பின்னால் சரிந்துவிட்டாள். சரக்கு அறையில் வெறுந்தரையில் பத்து நிமிஷம் படுக்கவைத்தார்கள். அப்புறம் "கூட்டம் நிக்குது, வா" என்று எழுப்பிவிட்டார்கள். மாசக் கடைசியில் சம்பளத்தில் அரை நாள் குறைந்திருந்தது. அந்த அரை நாளைத் திருப்பிக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு ஸ்டூல் கேட்டு எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். செல்போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் விடுவார்கள். இடையில் சோற்றுக்கு இருபது நிமிஷம். ஆள் வராத மத்தியான நேரத்திலும் சுவரில் முதுகு படக்கூடாது. மேலே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பவர் உடனே போன் போட்டுவிடுவார். மேசைக்கு முன்னால் வாங்க வருகிறவர்களுக்கு வரிசையாக மெத்தை ஸ்டூல் போட்டிருக்கிறீர்கள். மேசைக்குப் பின்னால் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கிறாள். கொலுசைக் கழற்றி இரண்டு மாசம் ஆகிறது. வீக்கத்தில் மாட்ட முடியவில்லை. கால் வலியைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். போன மாசம் அபூர்வமாக ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். நாங்கள் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்கட்டில் குடியிருக்கிறோம். அன்றைக்கு அவள் முகப்புத் திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆச்சி சாவி வாங்கப் படியேறி வந்தார்கள். இவள் விருட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "வாங்க ஆச்சி, என்ன விலையில பாக்குறீங்க?" என்றாள். ஆச்சி சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவள் சாயங்காலம் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. தூக்கத்திலும் விலை சொல்கிறாள். முன்பெல்லாம் கோலப் புள்ளி வைத்துக்கொண்டே பாடுகிற பெண் அவள்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஏழு மணி நேரம் தூங்கணும், காலுக்கு ஓய்வு கொடுக்கணும், மனசை லேசா வெச்சுக்கணும் என்றார். நல்ல வார்த்தைதான். மனசு சரியில்லை என்றால் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள் என்று எண்ணையும் எழுதிக் கொடுத்தார். போன் பன்னிரண்டு மணி நேரம் உங்கள் பூட்டில் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தபிறகு பேசுவதற்கு அவளிடம் குரல் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்களுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். ஒதுக்குவதற்கு முதலில் நேரம் கையில் இருக்க வேண்டாமா? என் மகளுடைய நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் அவளுக்குப் புத்தி சொல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை. வழிப்போக்கன் உட்காரட்டும் என்று வாசலிலேயே திண்ணை கட்டிய ஊர்கள் நம்முடையவை. நான் பெருக்கித் துடைக்கிற வீட்டில் படமாகத் தொங்குகிற பெரியவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்ய, போனவர்கள். கிட்டங்கி என்கிற பொதுக் கூடத்தில் ஆளுக்கொரு பணப்பெட்டி வைத்து, தரையில் உட்கார்ந்துதான் அவ்வளவு பெரிய வியாபாரமும் நடந்தது. உதவிக்கு அடுத்தாளாகப் போன பையனிலிருந்து பொறுப்பைப் பார்க்கிற மேலாள் வரைக்கும், கணக்கு என்று சொல்கிற மூன்று வருஷத் தவணை முடிந்தால் ஊருக்கு வந்து இருந்துவிட்டுத்தான் மறு கணக்குக்குக் கப்பல் ஏறுவார்களாம். அந்த வீட்டு ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜவுளிக்கடையிலும் வெள்ளை விரிப்புப் போட்டு, விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்த காலம் எனக்கே நினைவிருக்கிறது. அப்போதும் சேலை விற்றது. நிற்கிற பெண்ணிடம்தான் சேலை விலைபோகும் என்று இடையில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. பணியாட்கள் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று 2021இல் நம் சட்டமன்றமே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளத்தில் 2018லேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பதெல்லாம் 1947ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் கடைச் சுவர்களில் சாமி படம் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. இந்தச் சட்டத்தை மட்டும் யாரும் உள்ளே விடவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் கடையில் கிடைத்த சம்பளத்தில்தான் மூத்தவள் கல்யாணக் கடனை அடைத்தோம், அதை மறக்கவில்லை. வேலையை விடச் சொல்லி நான் சொன்னாலும் இவள் கேட்கமாட்டாள். கூட நிற்கிற பெண்களை அவளுக்குப் பிடித்திருக்கிறது, சேலை காட்டுவதும் பிடித்திருக்கிறது.

ஆகவே தயவுசெய்து, தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் அதில் உட்காரட்டும்; உட்கார்ந்தால் மேலிருந்து போன் வரக்கூடாது. வாரத்தில் ஒரு நாளை, எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லி, முழுசாக விடுங்கள். முதலில் ஸ்டூல். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம், நானே வருகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்குப் பலகார வேலை இருக்காது.

இப்படிக்கு,
கண்டனூரிலிருந்து ஒரு தாய்