சித்திக்கு, சரவாக்கிலிருந்து திரும்பி

அன்புள்ள சித்திக்கு,

கூச்சிங்கிலிருந்து வந்து நாலு நாளாகிறது. போனில் "எல்லாம் நல்லா இருந்தது சித்தி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. இசை விழா நடந்த அந்த மூன்று நாளும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எழுதித்தான் சொல்ல முடியும்.

இசை விழா என்றால் எனக்குத் திருவையாறுதான். பனி விலகாத காலையில் பஸ் பிடித்து, காவிரிக்கரைப் பந்தலில் இடம் தேடி, உங்கள் மடியை ஒட்டி உட்காருவேன். கண் சொக்கினால் என் முழங்காலில் தாளம் போட்டே எழுப்பிவிடுவீர்கள். வெளிநாட்டில் ஒரு விழாவுக்குப் போனது இதுதான் முதல் தடவை. லீவு கிடைத்ததும் மலேசியா என்று முடிவானபோது, பத்துமலை பார், லங்காவி போ என்றார்கள். நான் போர்னியோ தீவில் இருக்கும் சரவாக்கைப் பிடித்துக்கொண்டேன். அங்கே 1998இல் தொடங்கிய மழைக்காட்டு உலக இசை விழாவைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்த ஆசை.

கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானம்தான். ஆனாலும் கூச்சிங்கில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை மறுபடி நீட்ட வேண்டும். 1963இல் மலேசியாவோடு சேர்ந்தபோது, யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் உரிமையைச் சரவாக் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் சாண்டுபோங் மலை. அதன் அடிவாரத்தில், குளத்தைச் சுற்றி அந்த மண்ணின் மக்களுடைய வீடுகளை அவரவர் முறைப்படி கட்டி வைத்திருக்கும் கலாச்சார கிராமம். விழா அங்கேதான்.

ராத்திரிக் கச்சேரிகள் பிரமாதம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றில் முடிந்த கையோடு மற்றதில் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை. சேற்றில் கணுக்கால் புதைய ஆடினார்கள், நானும் ஆடினேன். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது பகல் நேரத்தைப் பற்றி.

மத்தியானம் நீள்வீடுகளுக்குள், அதாவது பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்ட வீடுகளுக்குள், பயிலரங்கு என்று வைக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, படி வெட்டிய ஒரே மரத்துண்டில் ஏறிப் போக வேண்டும். உள்ளே மூங்கில் தரை, நடந்தால் லேசாக அசைகிறது. வெவ்வேறு நாட்டு வித்வான்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்து, தங்கள் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. முன்கூட்டி ஒத்திகையும் இல்லை. முதல் பத்து நிமிடம் சுருதி தேடுவதிலேயே போகிறது. அந்தத் தேடலைக் கண்முன்னே பார்ப்பது எனக்குக் கச்சேரியைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் மடகாஸ்கர்க்காரர் ஒருவர் வலிஹாவோடு வந்திருந்தார். மூங்கில் குழாயைச் சுற்றிலும் தந்தி கட்டிய வாத்தியம். எதிரே சரவாக்கின் பிடாயு பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவர் கையிலும் மூங்கில் வாத்தியம், தந்தியை மூங்கில் தோலிலிருந்தே கீறி எடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. உறவு இருக்கத்தான் செய்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து படகேறி இந்துமாக்கடலைக் கடந்தவர்களின் வழி வந்தவர்கள் மடகாஸ்கர் மக்கள். அவர்கள் பேசும் மொழிக்கு மிக நெருங்கிய மொழி போர்னியோவின் தென்கிழக்கில் இன்றும் இருக்கிறது. பெரியவர் எட்டிப் பார்த்து வலிஹாவைத் தட்டினார், சிரித்தார், தன்னுடையதை நீட்டினார். மாற்றிக்கொண்டு வாசித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது சித்தி.

அடுத்து சபே என்ற தந்தி வாத்தியம். படகு மாதிரி நீண்ட உடம்பு, ஒரே மரத்தைக் குடைந்து செய்கிறார்கள். உங்கள் ஏகாண்ட வீணை போல. ஒரு தந்தியில்தான் ராகம் ஓடுகிறது, மற்றவை கீழே சுருதியைப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. சரவாக்கின் கென்யா, காயான் பழங்குடி மக்கள் (ஆப்பிரிக்காவின் கென்யா இல்லை) ஒரு காலத்தில் நோய் தீர்க்கும் சடங்குக்கு இதை வாசித்தார்களாம். அவ்வளவு மெல்லிய நாதம். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். அந்தக் கலையை இத்தனை பேருக்குக் கொண்டுசேர்த்த மேத்யூ ஙாவ் ஜாவ் என்ற கென்யா கலைஞரை மலேசிய அரசு தேசிய மரபுச் செல்வமாகவே அறிவித்திருக்கிறது.

பெண்கள் சபேயைத் தொடக்கூடாது என்று முன்பு ஒரு விலக்கு இருந்தது. மேத்யூவிடம் கற்றுக்கொண்ட அலேனா முராங் போன்ற பெண்கள் இன்று அதோடு உலக மேடைகளில் ஏறுகிறார்கள். இதை ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, என் கண்ணுக்குள் நம் வீட்டு ஸ்டோர் ரூம் வந்தது. கல்யாணமாகி வந்த வருஷம் பழைய புடவையில் சுற்றி வைத்த உங்கள் வீணை. உங்களை யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. சமையல், பிள்ளைகள், வந்துபோகிற விருந்தாளிகள் என்று நேரத்தை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அதில் நானும் உண்டு. உங்களைப் பாடச் சொல்லிக் கேட்ட நான், வாசிக்கச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை.

கிளம்பும் நாளன்று மாத்தாங் மலைச் சரிவில் இருக்கும் மாரியம்மன் கோவிலுக்குப் போய்வந்தேன். சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயக் குடும்பமான ப்ரூக் ராஜாக்கள் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த நம்மவர்கள் பெலியான் என்ற இரும்பு போன்ற மரத்தில் கட்டியது. சுற்றிலும் காடு. உங்கள் பேருக்கும் ஒரு சூடம் ஏற்றினேன்.

சாப்பாட்டில் மட்டும் கவனம் வேண்டும். மிடின் என்று ஒரு காட்டுக்கீரை, சுருள் சுருளாக, அவ்வளவு ருசி. ஆனால் பெரும்பாலும் இறால் விழுது போட்டுத்தான் வதக்குவார்கள். உங்களுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆமாம், அடுத்த தடவை உங்களோடு போவதாகத்தான் நினைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் எந்த வருஷத்தோடு முடிகிறது என்று எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அங்கே சபே செய்கிற ஒருவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். சபேயின் மெட்டுகளை, அதாவது தந்திக்கு அடியில் நிற்கும் குறுக்குக் கட்டைகளை, அவர் மெழுகால்தான் ஒட்டுகிறார், நம் கொசுத்தேனீ மாதிரி கொடுக்கில்லாத சின்னத் தேனீயின் மெழுகு. விரல் நுனியால் நகர்த்தி நகர்த்திச் சுரம் சரிபார்த்தார். வீணைக்கும் மெழுகில்தான் இருபத்துநாலு மெட்டும் நிற்கிறது என்று போனில் படம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தவர் கேட்டார்: "உங்கள் மெழுகு ஏன் இவ்வளவு கறுப்பு? வெயிலில் இளகாமல் இருக்க எதைக் கலக்கிறீர்கள்?" எனக்குத் தெரியவில்லை. ஊரில் சித்தியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன்.

புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்