ஷெரீஃப் ஆகிறவருக்குச் சிறையும் தெரிந்திருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் உங்கள் நாளிதழில் ஷெரீஃப் தேர்தலைப் பற்றி ஒரு பத்தி கூட நான் பார்த்ததில்லை. இங்கே வாழும் தமிழர்களின் அன்றாடத்தை அதிபரைவிட நெருக்கமாகத் தொடுகிற பதவி அது. அதற்குப் போட்டியிடுகிறவருக்கு என்ன பயிற்சி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, மதுரையில் செவிலியர் படிப்பை முடித்து, கலிபோர்னியாவில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) சிறை ஒன்றின் மருத்துவப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கவுண்டி என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

சென்னையில் முன்பு ஷெரீஃப் என்ற கௌரவப் பதவி இருந்தது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். விருந்தினரை வரவேற்பதும் விழாக்களில் முன்வரிசையில் அமர்வதும்தான் அதன் வேலை. அமெரிக்க ஷெரீஃப் அப்படிப்பட்டவர் அல்லர். நம் ஊர் மாவட்ட எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், வீட்டைக் காலி செய்ய வைக்கும் நீதிமன்ற அமீனா ஆகிய மூவரின் வேலையும் ஒரே ஆளிடம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. 46 மாநிலங்களில் ஷெரீஃபை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் எஸ்.பி. தேர்வு எழுதி, ஐதராபாத் அகாடமியில் பயிற்சி முடித்து வருகிறார். சரியில்லை என்றால் ஒரே இரவில் மாற்றிவிடுகிறார்கள். ஷெரீஃபை இடமாற்றம் செய்ய ஒருவராலும் முடியாது. கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு பணம் ஒதுக்கும், அவ்வளவுதான். சான் மாட்டியோ கவுண்டியில் 2025-ல் ஒரு ஷெரீஃபைப் பதவியிலிருந்து இறக்குவதற்கு, முதலில் சிறப்பு வாக்கெடுப்பு நடத்தி அந்த அதிகாரத்தை மக்களிடமிருந்து குழு பெற வேண்டியிருந்தது. இறக்குவது இவ்வளவு கடினமான பதவியில் ஏற்றும்போதே கவனமாக இருக்க வேண்டாமா?

கலிபோர்னியாவில் 1989 முதல் குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்று சட்டத்தில் உள்ளது. காவல் பயிற்சி ஆணையம் வழங்கும் உயர்நிலைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகலைப் பட்டத்தோடு ஓராண்டு, இளங்கலையோடு 2 ஆண்டு, இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்போடு 3 ஆண்டு, பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் 4 ஆண்டு, சம்பளத்துடன் முழுநேரமாகச் சட்ட அமலாக்கப் பணி செய்திருக்க வேண்டும். அதிலும் ஒரு பகுதியாவது மனுத் தாக்கலுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். மனு கொடுக்கும் நாளில் இதைச் சரிபார்ப்பதோடு முடிந்தது.

இந்தப் பட்டியலில் சிறை என்ற பேச்சே இல்லை. என் மனத்தாங்கல் அதுதான்.

கவுண்டி சிறையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், தண்டனை பெற்றவர்கள் அடைந்து கிடக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் வழக்கு முடியாதவர்கள். பலர் ஜாமீனுக்குப் பணம் கட்ட வழியில்லாதவர்கள். 2023-ன் நடுவில் நாடு முழுவதும் இத்தகைய சிறைகளில் ஏறத்தாழ 6.6 லட்சம் பேர் இருந்தார்கள். தெருவிலிருந்து நேரே வருகிறவர்கள் இவர்கள். இன்சுலின் போட்டுக்கொண்டவரா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா, அன்று காலைதான் தற்கொலைக்கு முயன்றவரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் செவிலியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். போதையில் இருப்பவர் பதில் சொல்ல மாட்டார். பயந்திருப்பவர் பொய் சொல்வார்.

குடிப்பழக்கம் முற்றியவர் குடியை ஒரேயடியாக நிறுத்தினால் மிக மோசமான கட்டம் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரும். கை நடுக்கம், காய்ச்சல், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல். அதற்கு முன்பே வலிப்பும் வரலாம். சரியான மருந்து இல்லாவிட்டால் உயிர் போகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கொண்டுவரப்பட்ட ஒருவர் மூன்றாம் இரவில் சுவரைப் பிறாண்டிக்கொண்டு தன் தாயோடு பேசிக்கொண்டிருந்தார். காவலுக்கு இருந்த இளைஞர் அவரை அடங்காதவர் என்று எழுதி, தனி அறைக்கு மாற்றப் பரிந்துரைத்திருந்தார். அந்த இளைஞர் கெட்டவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலதிகாரியோடு வாதாடி ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். அவர் பிழைத்தார். எல்லோரும் பிழைக்கவில்லை.

அதன்பின் அங்கே புதிய ஷெரீஃப் வந்தார். ரோந்து, புலனாய்வு என்று நீண்ட அனுபவம் உள்ளவர். சட்டம் கேட்ட தகுதிகளெல்லாம் அவரிடம் தாராளமாக இருந்தன. மருத்துவப் பிரிவைப் பார்வையிட வந்தபோது, போதைக்கு அடிமையானவர்களுக்குப் புப்ரினார்ஃபின் கொடுக்கிறோம் என்று சொன்னோம். போதைக்கு மருந்தாக இன்னொரு போதையா என்று உண்மையாகவே அதிர்ந்து கேட்டார். ஃபென்டனில் என்ற கடும் போதை மருந்துப் பழக்கம் உள்ளவர் சிறையில் சில வாரம் சும்மா இருந்தால் உடல் தாங்கும் அளவு குறைந்துவிடும், வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து என்று எங்கள் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஷெரீஃபும் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த விளக்கத்துக்கு முன்பே சிறை மருத்துவத்துக்கான ஒப்பந்தம் அவர் முடிவுப்படி கையெழுத்தாகியிருந்தது. இரவுப் பணிக்கான செவிலியர் எண்ணிக்கை அதில் குறைந்திருந்தது. தெரியாத ஒன்றைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்குத் தந்திருந்தது, தெரிந்துகொள்ளும் கடமையைத் தரவில்லை.

தனி மனிதக் குறை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2022 பிப்ரவரியில் சான் டியேகோ கவுண்டிச் சிறைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 2006 முதல் 2020 வரை அங்கே 185 பேர் இறந்தார்கள். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கைதியையும் நேரில் பார்த்து, உயிரோடு நலமாக இருக்கிறாரா என்று உறுதி செய்ய வேண்டும் என்பது மாநில விதி. காவலர்கள் சில இடங்களில் ஒரு நொடி கூட நிற்காமல், நடந்தபடியே அறைக்குள் பார்வையை வீசிவிட்டுப் போனதைக் காணொளிப் பதிவுகளில் தணிக்கையாளர்கள் கண்டார்கள். பின்னர் அருகில் போய்ப் பார்த்தபோது, சிலர் இறந்து பல மணி நேரம் ஆனதற்கான அடையாளங்கள் இருந்தன. அந்த வரிகளைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விதி இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். அந்தப் பார்வை எதற்காக என்பதை மேலிருந்து கீழ்வரை புரிய வைக்கும் தலைமை இல்லை.

தகுதி விதியே வேண்டாம் என்போரும் உண்டு. 2021-ல் கலிபோர்னியா மாநிலச் செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த செனட் மசோதா 271 அதைத்தான் சொன்னது. காவல் துறைக்கு வெளியே இருந்தும் ஆட்கள் வரட்டும், மக்கள் முடிவு செய்யட்டும் என்றது. அது நிறைவேறவில்லை. அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1980 முதல் 2012 வரை ஷெரீஃபாக இருந்த மைக்கேல் ஹென்னெஸி காவல் துறையிலிருந்து வந்தவர் அல்லர். கைதிகளுக்குச் சட்ட உதவி செய்துகொண்டிருந்த வழக்கறிஞர். 1989-ல் ஏற்கெனவே பதவியில் இருந்ததால்தான் புதிய விதி அவரைத் தடுக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1998 முதல் 2014 வரை ஷெரீஃபாக இருந்த லீ பாக்கா அந்தத் துறையிலேயே வளர்ந்தவர், முனைவர் பட்டமும் பெற்றவர். சிறைக் காவலர்களின் அத்துமீறலை எஃப்.பி.ஐ. விசாரித்தபோது அதற்குத் தடைபோட்டதாக 2017-ல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 3 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

ஆனாலும் விதியை எடுத்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன். செவிலியர் உரிமத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 30 மணி நேரத் தொடர்பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று இதே மாநிலம் என்னிடம் கேட்டது; அது சரியான கேள்வி. ஒரு கைதிக்கு நான் தவறான மருந்து கொடுத்தால் என் உரிமம் போகும். ஆயிரம் கைதிகளின் மருத்துவத்தை முடிவு செய்கிறவரிடம், வாக்கு வாங்கிவிட்டீர்களே, போதும் என்று சொல்வது நியாயமா? விதியை இன்னும் அகலப்படுத்த வேண்டும். சிறை நிர்வாகத்திலும் சிறை மருத்துவத்திலும் மனநலப் பணியிலும் கழித்த ஆண்டுகளைச் சட்ட அமலாக்க அனுபவத்துக்கு ஈடாகக் கணக்கில் எடுக்க வேண்டும். எந்த வழியில் வந்தவரானாலும், பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் சிறையைப் பற்றிய பயிற்சியை முடித்தாக வேண்டும்: உள்ளே வரும்போது செய்யும் மருத்துவச் சோதனை, போதை நிறுத்தம், தற்கொலைத் தடுப்பு, மனநோயாளிகளைக் கையாளுதல், மருத்துவ ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளுதல் எல்லாம் அதில் அடங்க வேண்டும். முடிக்காதவரின் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜார்ஜியாவில் புதிய ஷெரீஃப் ஆறு மாதத்துக்குள் காவல் அதிகாரிக்கான சான்றிதழ் பெற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மின்னசோட்டாவில் உரிமம் பெற்ற காவல் அதிகாரியாக இல்லாதவர் மனுவே போட முடியாது. வட கரோலினா இன்னொரு எல்லை. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஷெரீஃப் ஆகக்கூடாது என்பதையே 2010-ல் அரசியலமைப்புத் திருத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த மூன்று மாநிலங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன. வெறும் 1,200 பேர் அளவில் வாழும் ஆல்பைன் போன்ற கவுண்டியில் தகுதியுள்ளவர்களைத் தேடி எங்கே போவது என்பது நல்ல கேள்வி. அதனால்தான் பயிற்சியைத் தேர்தலுக்குப் பிறகு வைக்கச் சொல்கிறேன். முடிவு வந்த பின் ஜனவரியில் பதவியேற்கும் வரை மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இப்போது வசிக்கும் சான் வாக்கீன் கவுண்டியில் நடந்தது அது. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் மரண விசாரணை அதிகாரியும் ஷெரீஃப்தான். காவலில் ஒருவர் இறந்தால், அது கொலையா விபத்தா இயற்கையா என்று முடிவெழுதும் பொறுப்பும் அவர் அலுவலகத்துடையது. அதற்கு மருத்துவப் பயிற்சி வேண்டும் என்று தகுதி விதி கேட்பதில்லை. இங்கே 2017 டிசம்பரில் பென்னட் ஒமாலு உட்பட இரண்டு தடயவியல் மருத்துவர்கள், காவலர்கள் சம்பந்தப்பட்ட மரணங்களில் ஷெரீஃப் தலையிடுகிறார் என்று குற்றம்சாட்டிப் பதவி விலகினார்கள். ஷெரீஃப் மறுத்தார். 2018-ல் மேற்பார்வையாளர் குழு அந்தப் பொறுப்பைப் பிரித்து மருத்துவரிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. அதே ஆண்டு தேர்தலில் ஷெரீஃப் தோற்றார். சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்கே போய் விசாரித்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவலில் வைத்தவரே மரணத்தை விசாரிக்கக்கூடாது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் குடியிருக்கும் மவுண்டன் ஹவுஸ் 2024-ல்தான் தனி நகரமானது. ரோந்து வருவது ஷெரீஃபின் ஆட்களே. நம்மவர்கள் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள், குடியுரிமை பெற்றவர்களும் பலர். பள்ளி வாரியத் தேர்தலுக்கு வேட்பாளர்களை வரவழைத்துக் கேள்வி கேட்கிறவர்கள், ஷெரீஃப் என்றால் நமக்கென்ன என்று இருந்துவிடுகிறார்கள். ஒரு இளைஞர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால், ஒரு குடும்பச் சண்டையில் அக்கம்பக்கத்தார் 911-ஐ அழைத்தால், அந்த இரவு நம் வீட்டுப் பிள்ளைக்கும் கவுண்டி சிறையில்தான். சட்டத்தைத் திருத்தச் சொல்லி மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு நான் எழுதியிருக்கிறேன். உங்கள் வாசகர்களும் எழுத வேண்டும்.

சட்டம் மாறும்வரை, அது கேட்காததை வேட்பாளரிடம் நாம் கேட்கலாம். உங்கள் சிறையில் இரவு இரண்டு மணிக்கு எத்தனை செவிலியர் இருப்பார்கள்? மணிக்கொரு முறை பார்க்கும் விதி நடக்கிறதா என்று நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்? உங்கள் காவலில் ஒருவர் இறந்தால் யார் விசாரிப்பார்? கலிபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரீஃப் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கெல்லாம் 2022-ல் வென்றவர்களுக்கு ஆறாண்டுப் பதவிக்காலம். அடுத்த வாய்ப்பு 2028. முதற்கட்டத் தேர்தலிலேயே பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவர் வென்றுவிடுகிறார் என்பதால், இந்தக் கேள்விகளை நவம்பர் வரை தள்ளிப்போட முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறைச் செவிலியர்,
மவுண்டன் ஹவுஸ், கலிபோர்னியா